ஹனோரா சுக்ரூவும் ரயிலின் சொட்டுத் தட்டும்

ஹனோரா சுக்ரூவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் எங்கள் அவென்யூவில் யாருமில்லை. பால்காரன் தண்ணீர் கலந்து கொண்டுவந்தால் அந்தப் பாலை அவன் தொப்பியிலேயே ஊற்றித் திருப்பி அனுப்புவாள். பாதிரியார் பிரசங்கத்தை இழுத்தால் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "ஃபாதர், என் அண்டா கொதிக்குது, சுருக்கா முடிங்க" என்பாள். தெருவுக்கு மேலே தூண்களில் ரயில் ஓட்டும் நியூயார்க் நகரத்து உயர ரயில் கம்பெனி இவளோடு மோதியது. அந்த மோதலில் என் கையும் இருந்தது, அதுவும் தப்பான பக்கத்தில். அதை மறைத்து எழுதினால் எனக்குச் சோறு இறங்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் டேட் லெஹேன். ரயில் ஷெட்டில் தகர வேலை. ஹனோரா குடியிருந்த அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே நான்.

அவள் அயர்லாந்தின் கெர்ரிக்காரி. பதினேழு வயதில் கப்பலேறி வந்து ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள். எஜமானி ஒருநாள் "நீங்களெல்லாம் பன்றியோட படுத்து வளர்ந்தவங்கதானே" என்று கேட்டாளாம். "ஆமாம்மா, அதுக்கு மரியாதை தெரியும்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே மூட்டையைக் கட்டினாள். பிறகு கான் சுக்ரூவைக் கட்டிக்கொண்டாள். உயர ரயிலின் இரும்புத் தூண்களுக்குக் குழி தோண்டியவன் அவன். மார்ச்சளி வந்து, முதல் ரயில் ஓடுவதற்கு முந்தின மாதம் செத்தான். ஹனோரா அழுதது ஒரு வாரம். எட்டாம் நாள் ஸ்டேஷனின் வடமுனையில் காலியாகக் கிடந்த மனையைப் பிடித்து, கயிறு கட்டி, செப்பு அண்டா ஒன்றை அடுப்பில் ஏற்றிவிட்டாள். பிரசவ ஆஸ்பத்திரியின் துணி முழுக்க அவள் கைக்கு வந்தது. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. பிறந்த குழந்தையை அதில் கிடத்தினால் குழந்தை கறுப்பாகத் தெரியும் என்று நர்சுகள் சொல்வார்கள்.

இந்த எஞ்சின்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விஷயம் விளங்கும். எங்கள் எஞ்சின்கள் குட்டி எஞ்சின்கள். இரண்டு மாடி உயரத்தில், ஒற்றைக்கால் தூண்கள் மேல் நிற்கிற பாதை. கனமானதை ஏற்றினால் தாங்காது. அதனால் தண்ணீருக்கும் கரிக்கும் தனி வண்டி கிடையாது. கொதிகலன், தண்ணீர்த் தொட்டி, கரிப்பெட்டி எல்லாம் ஒரே சட்டத்தில். கொதிகலனுக்குக் கீழே இழுக்கிற சக்கரம் நான்கு. கரிப்பெட்டிக்குக் கீழே சின்னச் சக்கரம் நான்கு, தெருமுனை வளைவில் தானே திரும்பிக்கொள்ளும். ஐந்து தெருவுக்கு ஒரு ஸ்டேஷன். நின்ற அடுத்த நொடி பாய வேண்டும், பாய்ந்த அடுத்த நிமிடம் நிற்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரக் கழுதைகள்.

ஆனால் ஒழுகும். எந்த எஞ்சினும் ஒழுகும். வயல்வெளியில் ஓடுகிற எஞ்சின் ஒழுகினால் புல் நனையும், கேட்பாரில்லை. எங்கள் எஞ்சின் ஒழுகினால் கீழே போகிறவன் பிடரியில் சொட்டும். கிளம்பும்போது இன்னும் மோசம். ஸ்டேஷனில் நிற்கிற நேரத்தில் சிலிண்டருக்குள் நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். அதை வெளியேற்ற டிரைவர் வடிதிருகைத் திறப்பான். எண்ணெயும் துருவும் கலந்த பழுப்புத் தண்ணீர் புஸ்ஸென்று கொட்டும். ஊரே காறித் துப்பியது. கடைசியில் கம்பெனி ஒவ்வொரு எஞ்சினின் வயிற்றுக்கடியிலும் சொட்டுத் தட்டு ஒன்றைத் தொங்கவிட்டது. விழுவதெல்லாம் தட்டில் விழுந்து, பின்பக்கம் ஓடி, ஒரு பெட்டியில் சேரும். அந்தத் தட்டுகளை வெட்டி மடக்கி ஈயம் வைத்தது நான்தான்.

தட்டு வந்தபிறகு ஒரு விசித்திரம் நடந்தது. எங்கள் அவென்யூவில் ரயில் பாதை தெருவுக்கு நடுவில் இல்லை. வடக்கே போகிற பாதை கிழக்கு நடைபாதைக்கு மேலே, தெற்கே போகிற பாதை மேற்கு நடைபாதைக்கு மேலே. மேற்குப் பக்கம் சொட்டுவது அடியோடு நின்றுவிட்டது. கிழக்குப் பக்கம் சொட்டிக்கொண்டே இருந்தது.

மேற்கே ஜெர்மன்காரர்கள், கிழக்கே ஐரிஷ்காரர்கள் நாங்கள். கேட்க வேண்டுமா! கம்பெனி பத்திரிகையில் அறிக்கை விட்டது: ஒழுகல் தீர்ந்துவிட்டதாம், மிச்சமுள்ள கறை குடியிருப்பவர்களின் அடுப்புக் கரியாம். மேற்குப் பக்கம் ஸ்டேஷனின் தென்முனையில் ஃப்ராவ் ஓல்ரோகே என்று ஒரு ஜெர்மன் அம்மாள் சலவை வைத்திருந்தாள். அவள் மனைக்கு மேலேயும் ரயில்கள் நின்று கிளம்பத்தான் செய்தன, ஆனால் ஒரு பொட்டு விழாது. தெருவின் குறுக்கே அவள் கத்துவாள்:

"ஹனோரா! ரயில் ஒண்ணுதான், வானம் ஒண்ணுதான். அழுக்கு மட்டும் ஏன் உன் வீட்டுக்கே வருது?"

"உன் ஊறப்போட்ட முட்டைக்கோஸ் நாத்தம் தாங்காம இந்தப் பக்கம் ஓடி வருதுடி!"

வாய்க்கு வாய் கொடுத்தாளே தவிர, உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். ஒரே விரிப்பை மூன்று தடவை துவைப்பதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

தட்டு வந்த மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் ஆஸ்பத்திரி இருபது விரிப்புகளைத் திருப்பி அனுப்பியது, எல்லாவற்றிலும் பழுப்புப் புள்ளி. கூடவே நகரச் சுகாதார ஆபீஸிலிருந்து ஒரு கடிதம். படித்துக் காட்டியது நான். வருகிற சனிக்கிழமை டாக்டர் வந்து பார்வையிடுவார். துணி உலர்த்தும் இடம் அசுத்தமானது என்று தெரிந்தால் மனை மூடப்படும்.

ஹனோரா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து, அண்டாவுக்கடியில் கரியைத் தள்ளப் போனாள்.

மறுநாள் காலை கறைபட்ட விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே ஷெட்டுக்கு வந்துவிட்டாள். எஞ்சின் சூப்பிரண்டெண்ட் மிஸ்டர் ஹாலக் பெரிய ரயில் பாதைகளில் பெயரெடுத்து வந்தவர். இந்தத் தட்டின் வரைபடமும் அவருடையதுதான். சாம்பல் நிற உயரத் தொப்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை; தூங்கும்போதும் போட்டுக்கொள்வார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

"இது உங்க எஞ்சின் கக்குனது" என்று விரிப்பை அவர் முன்னால் உதறினாள்.

"அம்மா, சோப்புன்னு ஒரு பொருள் கடையில விக்குது, கேள்விப்பட்டிருக்கீங்களா?"

ஷெட்டே சிரித்தது. ஹாலக்குக்குக் குஷி வந்துவிட்டது. "வாங்க, கண்ணாலயே பாத்துட்டுப் போங்க" என்று ஓர் எஞ்சினை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னார். கீழே வெள்ளைக் காகிதம் விரித்தார்கள். வடிதிருகைத் திறந்துகொண்டு எஞ்சின் புகைபோக்கியை முன்னால் நீட்டி வெளியே வந்தது. காகிதத்தில் ஒரு சொட்டு இல்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் ஹாலக். "போய் அண்டாவைக் கழுவும்மா."

நான் ஒரு கொதிகலனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வேறென்ன செய்ய? மானங்கெட்டவன். ஆனால் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். எல்லோரும் சிரிக்கிற சத்தத்துக்கு நடுவே விரிப்பை நான்காக மடித்து, மடிப்புக் கலையாமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

சாயங்காலம் நான் படியேறும்போது அவள் கதவு திறந்திருந்தது.

"உள்ள வாடா கல்லுளிமங்கா."

போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"அந்தத் தட்டை நீதானே செய்யிறே?"

"ஆமாக்கா. வரைஞ்சு குடுக்கறதைச் செய்யிறேன்."

"என் துணியில விழறது அந்த எஞ்சின்லேருந்துதான்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியலக்கா. இன்னிக்கு நீயும்தானே பாத்தே. சொட்டலையே."

"சொட்டல. அதான் எனக்கு மண்டை காயுது. என் கண்ணு முன்னால சொட்டல, என் துணி மேல மட்டும் சொட்டுது. நான் என்ன, பொய் சொல்றேனா? என் புருஷன் தோண்டுன குழியில நிக்குதுடா இந்த ரயில்! அது என்னையே அழுக்குங்குது. விட்டுடுவேனா?"

விடவில்லை. மறுநாள் அவள் செய்ததைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது. ஈரமான வெள்ளை விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, தெருவைத் தாண்டி, ஃப்ராவ் ஓல்ரோகேயின் மனைக்குள் போனாள். அப்புறம் அந்த அம்மாளே சொல்லிச் சொல்லி எங்களுக்கெல்லாம் மனப்பாடம்.

"உன் வாயால என் மானம் போச்சு. இப்ப உன் கையால ஒரு வேலை செய்யி. இந்தத் துணியை உன் பக்கம் பாதைக்குக் கீழே விரி. நான் என் பக்கம் விரிக்கிறேன். இருபது ரயில் போகட்டும். ஒவ்வொரு எஞ்சினோட நம்பரையும் பாத்து வை."

"எதுக்கு நான் செய்யணும்?"

"உனக்குத்தான் நான் அழுக்குன்னு ஊருக்கே காட்டணும்னு ஆசையாச்சே. காட்டு."

அந்த அம்மாளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கொண்டாட்டமாக விரித்தாள். மத்தியானம் இரண்டு விரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். ஜெர்மன் விரிப்பு பளிச்சென்று இருந்தது. எங்கள் விரிப்பு அம்மை போட்ட முகமாகியிருந்தது.

"பாத்தியா!" என்றாள் ஓல்ரோகே.

"பாத்தேன். ஐம்பத்தேழாம் நம்பர் உன் பக்கம் போச்சா?"

"ஒன்பது மணிக்குப் போச்சு."

"கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத் திரும்பி என் பக்கம் பத்தரைக்கு வந்துச்சு. இதோ இங்க கக்கிட்டுப் போயிருக்கு. அதே எஞ்சின், அதே தட்டு. உன் மேல அதுக்கு என்ன காதலா?"

ஓல்ரோகே சிரிக்கவில்லை. சண்டைக்காரிதான், ஆனால் தொழில்காரி. கறையைத் துணியின் தப்பு என்று ஒரு சலவைக்காரி எவ்வளவு நேரம் சொல்வாள்? தலையைத் தூக்கி மேலே போகிற ரயிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்தாறு ரயில்கள் போன பிறகு சொன்னாள்:

"ஹனோரா, என் பக்கம் அது மூக்கை நீட்டிக்கிட்டுப் போகுது. உன் பக்கம் பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டுப் போகுது."

இதுதான் விஷயம்! நாங்கள் தினம் பார்ப்பதுதான், பார்த்துப் பார்த்தே பார்க்காமல் போன விஷயம். உயரத்தில் எஞ்சினைத் திருப்பும் மேடை கிடையாது, அதற்கு இடமேது? தெற்கே போகும்போது புகைபோக்கி முன்னால். வடக்கே திரும்பும்போது கரிப்பெட்டி முன்னால், அப்படியே பின்னோக்கி. வாழ்க்கை பூராவும் பாதித் தூரம் முதுகால் நடக்கிற எஞ்சின்.

அன்று ஹனோரா என் கதவை உதைத்துத் திறந்தாள். "தட்டோட முன் விளிம்பு எவ்வளவு உயரம்? பின் விளிம்பு எவ்வளவு?"

பின் விளிம்பு நான்கு விரல். முன் விளிம்பு ஒரு விரல். என் கையால் மடக்கிய விளிம்பு, எனக்குத் தெரியாதா? எஞ்சின் முன்னால் பாய்ந்தால் தட்டிலுள்ள தண்ணீர் பின்னால் மோதும். அங்கே நான்கு விரல் சுவர் இருக்கிறது. பின்னால் பாய்ந்தால் முன்னால் மோதும். அங்கே ஒரு விரல்தான். தாண்டிக் கொட்டும். கொஞ்ச தூரம் ஓடுவதற்குள் மிச்சம் வடிந்து பெட்டிக்குப் போய்விடும், ஆகவே கிளம்புகிற இடத்தில் இருப்பவள் தலையில் மட்டும் விழும். ஹாலக் பெரிய பாதைக்காரர். அங்கே எஞ்சினைத் திருப்பி நிறுத்தித்தான் ஓட்டுவார்கள், எஞ்சின் என்றால் மூக்கால் போவது. அந்த நினைப்பிலேயே வரைந்துவிட்டார். ஷெட்டில் சோதித்ததும் எப்போதும் மூக்குப் பக்கமாகத்தான்.

"மடக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டேன். "பெரியவர் வரைஞ்சது, நாம யாரு கேக்கன்னு..."

அவள் என்னை அடித்திருந்தால் பரவாயில்லை. "நீ யாரா? அதைச் செஞ்சவன்டா நீ" என்றாள்.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். கூடவே ஹாலக்கும் வந்திருந்தார், கதையை முடித்துவைக்க. கூட்டம் என்றால் கூட்டம். இரண்டு பக்கத்து ஜன்னல்களிலும் தலைகள். ஹனோரா டாக்டரிடம் கெஞ்சவில்லை, விளக்கவும் இல்லை. மனையின் ஓரத்தில், பாதைக்கு நேர்கீழே, சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"மிஸ்டர் ஹாலக், சொட்டாதுன்னு சொல்றீங்க. இந்த வட்டத்துல வந்து நில்லுங்க. ஒரே ஒரு ரயில் கிளம்பிப் போகட்டும். உங்க மேல ஒரு சொட்டு விழலேன்னா இந்தக் கயித்தையெல்லாம் நானே அறுத்துட்டு இந்த மனையை விட்டுப் போறேன். டாக்டர் கையெழுத்துக்கூடப் போட வேணாம்."

"விளையாட்டுக்கெல்லாம் எனக்கு நேரமில்லை."

"பயமா?"

ஜன்னல்களிலிருந்து ஒரே ஊளை. ஓர் ஆண்பிள்ளை அதற்குப் பிறகு எப்படி நிற்காமல் இருப்பான்? ஹாலக் வட்டத்துக்குள் போய் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆனால் ஆள் உஷார்தான். மேலே எஞ்சின் வந்து நின்றதும் டிரைவரைப் பார்த்துக் கத்தினார்: "வடிதிருகைத் திறக்காதே! அப்படியே எடு!"

டிரைவர் ஃப்ளரி ஷீகி வெளியே எட்டிப் பார்த்தான். நிதானமான ஆள். அவன் எஞ்சினுக்குத் தும்மல் வந்தால் அவனுக்கு ஜுரம் வரும்.

"சார், சிலிண்டர்ல தண்ணி நிக்குது. திறக்காம இழுத்தா சிலிண்டர் மூடி பிச்சுக்கிட்டு உங்க தலையிலதான் வரும். உங்களுக்குத் தண்ணி வேணுமா, இரும்பு வேணுமா?"

தெரு முழுக்கச் சிரித்தது. ஹாலக் பதில் சொல்வதற்குள் கார்டு மணியடித்துவிட்டான். ஃப்ளரி திருகைத் திறந்தான், எஞ்சின் பின்னோக்கிப் பாய்ந்தது. பழுப்புத் தண்ணீர் ஒரு செம்பு அளவுக்கு அப்படியே வந்து, அந்தச் சாம்பல் நிறத் தொப்பியில் விழுந்து, விளிம்பிலிருந்து வழிந்து, சட்டைக் காலருக்குள் இறங்கியது.

சத்தம் அடங்க வெகு நேரம் ஆயிற்று. ஹாலக் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஒரு எஞ்சின்ல ஏதோ கோளாறு" என்று ஆரம்பித்தார். ஓல்ரோகே தன் வெள்ளை விரிப்போடு தெருவைத் தாண்டி வந்தாள். "பொய். இதே நம்பர் இன்னிக்குக் காலையில என் பக்கம் கிளம்பிப் போச்சு. பாருங்க டாக்டர், மோந்துகூடப் பாருங்க."

அப்போது நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். என் தோளில் ஒரு தட்டு, ஷெட்டிலிருந்து தூக்கி வந்தது. ஹனோராவின் அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு அதில் ஊற்றினேன். மூக்குப் பக்கமாக வெடுக்கென்று தள்ளினேன், ஒன்றும் சிந்தவில்லை. திருப்பித் தள்ளினேன், டாக்டரின் பூட்ஸ் நனைந்தது.

"இதைச் செஞ்சது நான். முன்பக்கம் ஒரு விரல்தான் விளிம்பு. செய்யும்போதே கேட்டிருக்கணும், கேக்கல. துணி மேல தப்பில்ல, இவங்க மேலயும் தப்பில்ல" என்றேன்.

"லெஹேன்," என்றார் ஹாலக், "திங்கட்கிழமை வராதே."

டாக்டர் பூட்ஸைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மனையை மூட வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் இன்னொன்றும் சொன்னார். "அம்மா, யார் தப்பானாலும் கறை கறைதான். ஈஸ்டர் வரைக்கும் ஆஸ்பத்திரியைப் பொறுத்துக்கச் சொல்றேன். அதுக்குள்ள சுத்தமா வரலேன்னா துணியை வேற இடத்துக்குத்தான் அனுப்பணும்."

ஹாலக் அதைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "மிஸஸ் சுக்ரூ, ஆத்தங்கரையில கம்பெனிக்கு ஒரு மனை இருக்கு. நல்ல வெயில், ரயில் கிடையாது. வேலி போட்டுத் தர்றோம். புகாரை மட்டும் வாபஸ் வாங்கிக்குங்க. இத்தனை எஞ்சினையும் அவுக்கறதைவிட அது சுலபம்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், நானாக இருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். எனக்கு வேலை போயாயிற்று, அவளாவது பிழைக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

"நான் நகந்தா இந்த இடத்துல அடுத்து எவ நிப்பா? அவ தலையில கொட்டுமா?" என்றாள் ஹனோரா. "தப்பு தட்டுல இருக்கு. தட்டை மாத்து. என்னைய மாத்தாதே."

அடுத்த வாரம் அவள் செய்த வேலை, அப்பப்பா! அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் நம்பர் தெரியும். எந்த எஞ்சின் எந்தத் துணியில் கக்கியதோ, அந்தத் துணியில் சலவை நீலத்தால் அதன் நம்பரை ஆள் உயரத்துக்கு எழுதினாள். என் ஜன்னல், அவள் ஜன்னல், பக்கத்து வீட்டு ஜன்னல் என்று ரயிலுக்கு நேரே வரிசையாகத் தொங்கவிட்டாள். ஐம்பத்தேழு. நாற்பத்தொன்று. அறுபத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே அதனதன் கறை. ரயிலில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டி, "நம்ம எஞ்சின் எங்கேப்பா?" என்று தேடினார்கள்.

கம்பெனிக்கு அது உறைத்ததோ இல்லையோ, டிரைவர்களுக்கு உறைத்தது. எங்கள் பாதையில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு எஞ்சின். இன்னொருத்தன் கை வைக்க விடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை சொந்தத் துணியால் பித்தளையைத் தேய்ப்பான், அதற்குப் பெண்டாட்டியிடம் ஏச்சு வாங்குவான். அப்படிப்பட்டவனுடைய நம்பர் மூத்திரத் துணி மாதிரி ஜன்னலில் தொங்கினால்? முதலில் ஹாலக் முன்னால் போய் நின்றது ஃப்ளரி. "என் எஞ்சினுக்கு விளிம்பு வையுங்க, இல்லேன்னா நான் அதை எடுக்க மாட்டேன்." மறுநாள் ஐந்து பேர், வார முடிவில் நாற்பது பேர். ஒரு காலை வேளை நாற்பது எஞ்சின் ஷெட்டை விட்டு நகராது என்றால் அதற்கு எந்த சூப்பிரண்டெண்ட் பதில் சொல்வான்?

விளிம்பு வைக்க வரச்சொல்லி ஷெட்டிலிருந்து எனக்கு ஆள் வந்தது. கோட்டைத் தேடினேன். ஹனோரா படிக்கட்டில் மறித்துக்கொண்டாள்.

"உட்காருடா. ரெண்டாம் தடவை வந்து கூப்பிடட்டும்."

"அக்கா, ஈஸ்டருக்கு நாலு வாரம்தான் இருக்கு. உன் பிழைப்பு..."

"என் பிழைப்பு எனக்குத் தெரியும். உட்காரு."

உட்கார்ந்தேன். இரண்டாம் தடவை ஹாலக்கே வந்தார், புதுத் தொப்பியோடு. மூன்று வாரம் நானும் இன்னும் நான்கு பேரும் முதுகு ஒடிய வேலை செய்தோம். மூக்குப் பக்கமும் நான்கு விரல், பின்பக்கமும் நான்கு விரல். வரைபடம் வரவில்லை. நானும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை ஹனோரா ஆஸ்பத்திரித் துணி முழுவதையும் வெளியே போட்டாள். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போயின. பாதைக்குக் கீழே இருந்த கயிற்றில்கூட ஒரு புள்ளி இல்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் ஓல்ரோகே இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அது என் தட்டு அல்லவா?

"எப்படிக்கா?" என்றேன். "ஒரு சொட்டு உண்டா? இப்ப சந்தோஷமா?"

ஹனோரா ஒரு விரிப்பை இழுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"துணியில விழறதுக்குத் தட்டு வெச்சுட்டே" என்றாள். "மூணு வருஷமா தெருவுல, கோயில்ல, ஆஸ்பத்திரியில எல்லாரும் என்னைய அழுக்குன்னாங்க. நானே ராத்திரி எழுந்து உக்காந்து என் கையை மோந்து பாத்திருக்கேன்டா, ஒருவேளை நிஜமாவே நாமதானோன்னு. அதுக்கு என்ன வெப்பே?"

விரிப்பின் மறுமுனையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன்.